மிதிவண்டிப் பந்தயத்தில் தவறவிட்ட ஊக்கமருந்துச் சோதனைகள்

தொழில்முறை மிதிவண்டிப் பந்தய வீரர் ஒருவர், தாம் இருப்பதாக முன்கூட்டியே பதிவு செய்த இடத்தில், பதிவு செய்த நேரத்தில் இல்லாததால் ஊக்கமருந்துச் சோதனை அலுவலர் மாதிரி எடுக்க முடியாமல் திரும்பிச் செல்ல நேர்ந்தால், அது தவறவிட்ட சோதனை எனப்படுகிறது. 12 மாதங்களுக்குள் மூன்று முறை இத்தகைய தவறு பதிவானால், வீரரின் உடலில் எந்த மருந்தும் கண்டறியப்படாத நிலையிலும் அது ஊக்கமருந்து விதிமீறலாகவே கொள்ளப்படும். அதற்கு இரண்டு ஆண்டுகள் தடை விதிக்கப்படும். தவறின் தன்மையைப் பொறுத்து அது ஓராண்டு வரை குறைக்கப்படலாம்.

இந்த விதியைப் படிக்கும் மாணவர் பலருக்கு உடனே ஓர் ஐயம் எழும்: மருந்து உட்கொண்டதற்குச் சான்றே இல்லாதபோது தண்டனை எப்படி நியாயமாகும்? மிதிவண்டிப் பந்தய வரலாற்றில் நடந்த சில வழக்குகளைப் பார்த்தால் விதி ஏன் உருவானது என்பதும், அது எங்கே தடுமாறுகிறது என்பதும் விளங்கும்.

போட்டிக்கு வெளியே சோதனை ஏன்?

பந்தயம் முடிந்த உடனே வெற்றி பெற்றவரிடம் சிறுநீர் எடுத்துச் சோதிப்பது பழைய முறை. போட்டியன்று உட்கொள்ளும் தூண்டுமருந்துகளைக் கண்டறிய அது போதுமானதாக இருந்தது. ஆனால் 1990களில் மிதிவண்டிப் பந்தயத்தில் பரவிய எரித்ரோபொய்டின் என்ற மருந்து வேறு வகையைச் சேர்ந்தது. ஈபிஓ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இது, சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கும் ஓர் இயக்குநீர். எலும்பு மச்சையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. சிவப்பணுக்கள் கூடினால் தசைகளுக்குச் செல்லும் உயிர்வளியும் கூடும். மலையேற்றப் பாதையில் மணிக்கணக்கில் மிதிக்க வேண்டிய வீரருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். ஆனால் அதை உருவாக்கிய மருந்தின் தடயம் அவ்வளவு காலம் நிற்பதில்லை. சிறு சிறு அளவுகளாகச் சிரை வழியே செலுத்திக்கொண்டால் ஒரு நாளுக்குள்ளேயே அது கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். ஆக, பந்தயத்திற்குச் சில வாரங்கள் முன்பு பயிற்சிக் காலத்தில் மருந்தைச் செலுத்திக்கொண்டவர், பந்தய நாளன்று பலனுடன் வருவார், தடயத்துடன் வரமாட்டார். பயிற்சிக் காலத்திலேயே, முன்னறிவிப்பின்றிக் கதவைத் தட்டினால் மட்டுமே அவரைப் பிடிக்க முடியும்.

அமெரிக்க வீரர் டைலர் ஹாமில்டன் 2012இல் வெளியான தம் நூலில் இதை வெளிப்படையாக விவரித்திருக்கிறார். மருந்தின் தடயம் உடலில் இருக்கும் நேரத்தை வீரர்கள் தங்களுக்குள் 'ஒளிரும் நேரம்' என்று குறிப்பிட்டனர். அந்த நேரத்தில் அழைப்பு மணி ஒலித்தால் திறக்காமல் இருந்துவிட வேண்டும் என்பதே எளிய உத்தி. ஆய்வகத்தில் எத்தனை நுண்ணிய கருவி இருந்தாலும், திறக்காத கதவுக்கு முன் அது பயனற்றது. இருப்பிடத் தகவல் முறையும், சோதனையைத் தவறவிடுவதையே குற்றமாக்கும் விதியும் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை.

நாள்தோறும் ஒரு மணி நேரம்

பதிவு செய்யப்பட்ட சோதனைக் குழு என்ற பட்டியலில் இடம்பெறும் வீரர், ஆண்டின் ஒவ்வொரு காலாண்டுக்கும் தம் இருப்பிடத் தகவலை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் 'ஆடம்ஸ்' என்ற இணையத் தளத்தில் இது நடைபெறுகிறது. ஒவ்வோர் இரவும் உறங்கும் இடத்தின் முகவரி, வழக்கமான பயிற்சி இடங்கள், பந்தய அட்டவணை ஆகியவற்றுடன், நாள்தோறும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் ஏதேனும் 60 நிமிடங்களை அவரே தேர்ந்தெடுத்து, அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்பதையும் குறிப்பிட வேண்டும். திட்டம் மாறினால் உடனே திருத்திக்கொள்ளலாம். கைப்பேசியிலிருந்தே திருத்த வசதி உண்டு.

பெரும்பாலான வீரர்கள் அதிகாலை நேரத்தையே தேர்ந்தெடுக்கின்றனர். அப்போது படுக்கையில் இருப்பது உறுதி அல்லவா? ஆனால் மிதிவண்டி வீரரின் படுக்கை ஓரிடத்தில் இருப்பதில்லை. ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட நாட்களை வெளியூர் விடுதிகளில் கழிப்பவர்கள் பலர். இன்று பெல்ஜியம், நாளை மறுநாள் இத்தாலி, அடுத்த வாரம் கேனரித் தீவுகளில் உயரமான மலை முகாம். பந்தயம் இரத்தானாலோ விமானம் தாமதமானாலோ தளத்தில் உள்ள முகவரி பொய்யாகிவிடும்.

வீரரை எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் சோதிக்க அலுவலருக்கு உரிமை உண்டு. எனினும் அவர் குறித்துக்கொடுத்த 60 நிமிடத்தில் இல்லாமல் போனால் மட்டுமே அது தவறவிட்ட சோதனையாகக் கணக்கில் சேரும். அலுவலர் அந்த 60 நிமிடமும் அங்கே காத்திருந்து, வீரரைக் கண்டுபிடிக்க நியாயமான எல்லா முயற்சிகளையும் செய்ய வேண்டும். தொலைபேசியில் அழைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. அழைத்தால் அது முன்னறிவிப்பு ஆகிவிடும் என்பதே காரணம்.

இரவு நேரம் மட்டும் நீண்ட காலம் ஓர் ஓட்டையாகவே இருந்தது. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் அமைத்த சுயேச்சையான சீர்திருத்த ஆணையம் 2015 மார்ச்சில் தன் அறிக்கையை வெளியிட்டது. சோதனை அலுவலர் இரவில் வரமாட்டார் என்பதை அறிந்த சிலர் மாலையில் சிறு அளவு ஈபிஓ செலுத்திக்கொண்டு, விடிவதற்குள் தடயம் கரைந்துவிடும் என்று நம்பியிருந்ததை அது சுட்டிக்காட்டியது. இரவுச் சோதனையும் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

மூன்று தவறுகளின் கணக்கு

இரண்டு வகைத் தவறுகள் இந்தக் கணக்கில் சேரும். ஒன்று தவறவிட்ட சோதனை. மற்றொன்று தகவல் பதிவுத் தவறு, அதாவது தகவலைப் பதியாமல் விடுவது, அரைகுறையாகவோ தவறாகவோ பதிவது, மாற்றத்தைத் திருத்தாமல் விடுவது. இரண்டும் கலந்து மூன்று ஆனாலும் விதிமீறலே. 2009ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் இந்தக் கால வரம்பு 18 மாதங்களாக இருந்தது. 2015 முதல் 12 மாதங்களாகச் சுருக்கப்பட்டது.

ஒவ்வொரு தவறும் பதிவாகும் முன் வீரருக்கு எழுத்து மூலம் அறிவிக்கப்பட வேண்டும். அவர் விளக்கம் தரலாம், மறுபரிசீலனை கோரலாம். முதல் தவறு பற்றிய அறிவிப்பு கிடைக்கும் முன்பே இரண்டாவது சோதனையைத் தவறவிட்டிருந்தால் அது கணக்கில் ஏறாது. முதல் முறை எச்சரிக்கப்பட்டால்தானே இரண்டாம் முறை கவனமாக இருக்க முடியும்!

வேண்டுமென்றே ஒளிந்துகொள்வது இதில் சேராது. அது தனிக் குற்றம். சோதனையைத் தவிர்க்க வீரர் திட்டமிட்டார் என்று மெய்ப்பிக்கப்பட்டால் ஒரே முறை போதும், நான்கு ஆண்டுகள் வரை தடை வரும். ஆனால் மனத்தில் இருந்ததை மெய்ப்பிப்பது கடினம். கதவு திறக்கப்படவில்லை என்பதை மட்டுமே அலுவலர் அறிவார். உள்ளே வீரர் மூச்சை அடக்கி நின்றாரா, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உறங்கினாரா, உண்மையிலேயே வேறு ஊரில் இருந்தாரா என்பதை அவர் எப்படி அறிவார்? ஆகவேதான் விதி வீரரின் நோக்கத்தைக் கேட்பதில்லை. வருகைப் பதிவேட்டைப் போல, இருந்தாரா இல்லையா என்று மட்டும் கேட்கிறது. மறதிக்கும் விபத்துக்கும் இடம் தரும் பொருட்டே ஒன்றுக்குப் பதில் மூன்று என்று வைத்திருக்கிறது.

மைக்கேல் ராஸ்முசென், 2007

டென்மார்க்கைச் சேர்ந்த மைக்கேல் ராஸ்முசென் மலையேற்றத்தில் வல்லவர். ராபோபாங்க் என்ற டச்சு அணிக்காக 2007 டூர் டி பிரான்சு பந்தயத்தில் பங்கேற்று, முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டையை அணிந்திருந்தார். சோதனை அலுவலர்களுக்குத் தம் இருப்பிடத்தை ஒழுங்காகத் தெரிவிக்காததால் அவரைத் தேசிய அணியிலிருந்து நீக்கியிருப்பதாக டென்மார்க் மிதிவண்டிச் சங்கம் ஜூலை 19 அன்று, பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே வெளிப்படுத்தியது. பன்னாட்டு ஒன்றியமும் டென்மார்க்கின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பும் அவருக்குத் தனித்தனியே எச்சரிக்கைகள் விடுத்திருந்தன. ஆனால் அன்று அந்தக் கணக்குகள் ஒன்றாகச் சேர்க்கப்படவில்லை. எந்த ஒரு பதிவேட்டிலும் மூன்று என்ற எண் வரவில்லை என்பதால் அவர் தொடர்ந்து பந்தயத்தில் ஓட முடிந்தது.

ஜூன் மாதத்தில் மெக்சிகோவில் இருந்ததாக அவர் கூறியிருந்தார். அவருடைய அன்றைய மனைவி மெக்சிகோ நாட்டவர் என்பதால் அது நம்பத்தக்கதாகவே இருந்தது. ஆனால் முன்னாள் இத்தாலிய வீரரும் தொலைக்காட்சி வருணனையாளருமான டேவிடே கசானி, அதே ஜூன் மாதத்தில் இத்தாலியின் டோலமைட் மலைகளில் ராஸ்முசென் பயிற்சி செய்ததைத் தாம் கண்டதாகக் கூறினார். அவர் பாராட்டாகவே சொன்ன செய்தி, ராஸ்முசென் சொன்ன கதையை உடைத்துவிட்டது.

ஜூலை 25 அன்று ஒபிஸ்க் மலைக் கணவாயில் முடிந்த 16ஆம் கட்டத்தை ராஸ்முசென் வென்றார். இரண்டாம் இடத்தில் இருந்த ஆல்பர்ட்டோ கொண்டாடோரைவிட 3 நிமிடம் 10 விநாடி முன்னிலை. பாரிசுக்குச் செல்ல நான்கு கட்டங்களே எஞ்சியிருந்தன. அன்றிரவே அவருடைய அணி அவரைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. மறுநாள் காலை மஞ்சள் சட்டை யார் உடலிலும் இல்லாமல் பந்தயம் புறப்பட்டது. இறுதியில் கொண்டாடோர் வென்றார்.

இருப்பிடம் பற்றித் தவறான தகவல் தந்ததை ராஸ்முசென் அதே ஆண்டு நவம்பரில் ஒப்புக்கொண்டார். குடும்பச் சிக்கலே காரணம் என்றார். இரண்டு ஆண்டுகள் தடை விதிக்கப்பட்டது. விளையாட்டு நடுவர் தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது. மருந்து பற்றி அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. 2013 ஜனவரி 31 அன்றுதான் உண்மை வெளிவந்தது. 1998 முதல் 2010 வரை ஈபிஓ, வளர்ச்சி இயக்குநீர், டெஸ்டோஸ்டிரோன், இன்சுலின், கார்ட்டிசோன், இரத்தமேற்றல் எனப் பலவற்றையும் பயன்படுத்தியதாக அவரே அறிவித்தார். 2007 டூர் பந்தயத்தில் அவரை வெளியேற்றியது எந்த ஆய்வக முடிவும் அன்று; பொருந்தாத முகவரிதான். இருப்பிட விதியை ஆதரிப்போர் இன்றும் முதலில் எடுத்துக்காட்டும் வழக்கு இதுவே.

இந்த நிகழ்வுக்குப் பின், 2009ஆம் ஆண்டு விதித்தொகுப்பில், எந்த அமைப்பு பதிவு செய்த தவறாயினும் ஒரே கணக்கில் சேரும் முறை உலக அளவில் நடைமுறைக்கு வந்தது.

பதினான்கு நாட்கள்: அலெக்ஸ் ராஸ்முசென்

அதே நாட்டவர், அதே குடும்பப் பெயர். ஆனால் மைக்கேலுக்கு உறவினர் அல்லர். அலெக்ஸ் ராஸ்முசென் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓடுதளக் குழுப் பந்தயத்தில் வெள்ளி வென்ற டென்மார்க் அணியில் இருந்தவர். 18 மாதங்களுக்குள் மூன்று இருப்பிடத் தவறுகள் பதிவானதை அடுத்து 2011 செப்டம்பரில் அவருடைய அணி அவரை விலக்கியது.

டென்மார்க்கில் நடந்த விசாரணையில் அவர் விடுவிக்கப்பட்டார். மூன்றாவது தவறு பற்றிய அறிவிப்பைப் பன்னாட்டு ஒன்றியம் 14 நாட்களுக்குள் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியதோ பல வாரங்கள் கழித்து. விதியை வீரர் மீறினார் என்று சொல்லும் அமைப்பே விதியை மீறியிருந்தது. ஒன்றியம் மேல்முறையீடு செய்தது. அறிவிப்பில் நேர்ந்த தாமதத்தால் மூன்று தவறுகளும் இல்லையென்று ஆகிவிடாது எனக் கூறிய நடுவர் தீர்ப்பாயம், 2012 ஜூலையில் 18 மாதத் தடை விதித்தது. இலண்டன் ஒலிம்பிக் வாய்ப்பு அத்துடன் போயிற்று. மருந்து உட்கொண்டார் என்று யாரும் அவர்மீது குற்றம் சாட்டவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் பிரெஞ்சு வீரர் யோவான் ஒஃப்ரேடோவுக்கும் இத்தகைய மூன்று தவறுகளுக்காக ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது.

லிசி ஆர்மிட்ஸ்டெட், 2016

பிரிட்டனின் லிசி ஆர்மிட்ஸ்டெட் 2015இல் சாலைப் பந்தய உலக வாகையர் ஆனவர். திருமணத்துக்குப் பின் லிசி டைக்னன் என்று அறியப்படுகிறார். ரியோ ஒலிம்பிக் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, 2016 ஆகஸ்ட் தொடக்கத்தில், அவர் மூன்று இருப்பிடத் தவறுகளுக்காக இடைநீக்கம் செய்யப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று.

முதல் தவறு 2015 ஆகஸ்டில் சுவீடனில் நடந்தது. உலகக் கோப்பைப் பந்தயத்துக்காக அணியுடன் விடுதியில் தங்கியிருந்தார். அதிகாலையில் வந்த அலுவலர் வரவேற்பறையில் அவருடைய அறை எண்ணைக் கேட்டார். விடுதியார் தர மறுத்தனர். எதற்காகக் கேட்கிறார் என்பதை அலுவலர் விளக்கவில்லை. உடன் தங்கியவர் உறங்கிக்கொண்டிருந்ததால் ஆர்மிட்ஸ்டெட் தம் கைப்பேசியை ஒலியில்லாமல் வைத்திருந்தார். அலுவலரின் அழைப்பு அவர் காதில் விழவில்லை. குறித்துக்கொடுத்த விடுதியில், குறித்துக்கொடுத்த நேரத்தில் அவர் இருந்தார். ஆனால் சோதனை நடக்கவில்லை. மறுநாள் எடுத்த சோதனையில் எதுவும் கண்டறியப்படவில்லை.

இரண்டாவது, அக்டோபரில் நேர்ந்த தகவல் பதிவுத் தவறு. மூன்றாவது 2016 ஜூன் 9 அன்று நிகழ்ந்தது. குடும்பத்தில் ஏற்பட்ட அவசரநிலையால் திட்டம் மாறியது. அன்றிரவு உறங்கும் முகவரியைச் சரியாகப் பதிந்தவர், மறுநாள் காலைக்கான 60 நிமிட இடத்தை மாற்ற மறந்தார். ஒரே காலையில் இரண்டு ஊர்களில் இருக்க வேண்டியவராகத் தளம் அவரைக் காட்டியது. தம் தகவல்களைச் சரிபார்க்க உதவிவந்த அலுவலர் சில வாரங்களுக்கு முன்பே பணியிலிருந்து விலகிவிட்டதாகவும், அது தமக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றும் அவர் விளக்கினார்.

ஜூலை 11 அன்று அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஜூலை 21 அன்று நடுவர் தீர்ப்பாயம் முதல் தவறை நீக்கியது: வீராங்கனையிடம் அலட்சியம் இல்லை, அலுவலரே வேண்டிய முயற்சிகளைச் செய்யவில்லை என்பது அதன் முடிவு. மூன்று இரண்டானதால் தடையும் நீங்கியது. முதல் தவறு பதிவான காலத்தில் அவர் அதை எதிர்த்து முறையிடவே இல்லை என்பதைப் பிரிட்டனின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு சுட்டிக்காட்டியது. சக வீராங்கனைகளில் சிலர் பொதுவெளியிலேயே கடிந்துகொண்டனர். ரியோ சாலைப் பந்தயத்தில் அவர் ஐந்தாம் இடம் பெற்றார்.

இந்த வழக்கை மைக்கேல் ராஸ்முசென் வழக்குக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் பொய் சொன்னார்; மற்றவர் உறங்கிக்கொண்டிருந்தார். பதிவேட்டிலோ இருவருக்கும் ஒரே குறியீடுதான். அதைப் பிரித்தறியும் வேலை விசாரணையில்தான் நடக்கிறது. அதற்குள் செய்தித்தாள்கள் தம் தீர்ப்பை எழுதிவிடுகின்றன.

தனியுரிமை பற்றிய வழக்கு

இன்றிரவு எங்கே உறங்கப்போகிறாய் என்று ஒரு நிறுவனம் ஆண்டு முழுவதும் கேட்பது தனிவாழ்வில் தலையிடுவது ஆகாதா? இந்தக் கேள்வி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றது. பிரெஞ்சு விளையாட்டு வீரர் சங்கங்களும் பல வீரர்களும் வழக்குத் தொடுத்தனர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற ழான்னி லோங்கோவும் மனுதாரர்களில் ஒருவர். அவர்மீதே 2011இல் மூன்று இருப்பிடத் தவறுகள் சாட்டப்பட்டிருந்தன. சோதனைக் குழுவில் அவர் சேர்க்கப்பட்ட முறை செல்லாது என்ற அடிப்படையில் பிரெஞ்சு மிதிவண்டிக் கூட்டமைப்பு அவரை விடுவித்தது.

2018 ஜனவரி 18 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த முறை தனிவாழ்வில் தலையிடுகிறது என்பதை அது மறுக்கவில்லை. ஆயினும் வீரர்களின் உடல்நலம், போட்டியின் நேர்மை ஆகியவற்றைக் காக்க இத்தலையீடு தேவை என்றும், கடமைகளைத் தளர்த்தினால் மருந்துப் பயன்பாட்டின் ஆபத்து கூடும் என்றும் கூறி, உரிமை மீறல் இல்லை என முடிவு செய்தது.

சோதனை வராத மலை

டூர் டி பிரான்சை நான்கு முறை வென்ற கிறிஸ் புரூம் 2015இல் தாம் ஒரு சோதனையைத் தவறவிட்டதை வெளிப்படையாகக் கூறினார். மனைவியுடன் இத்தாலியில் ஓர் உயர்தர விடுதியில் தங்கியிருந்தபோது காலை 7 மணிக்கு அலுவலர் வந்தார். விருந்தினரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று விடுதி ஊழியர்கள் அவரை உள்ளே விடவில்லை, அறைக்கு அழைக்கவும் இல்லை. விடுதியாரிடம் முன்பே சொல்லி வைப்பது வீரரின் பொறுப்பு என்பதால் புரூம் அதைத் தம் தவறாகவே ஏற்றுக்கொண்டார்.

அவர் எழுப்பிய வேறொரு முறையீடு இதற்கு நேர்மாறானது. கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃபில் உள்ள டெய்டே எரிமலையில், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே ஒரு விடுதி இருக்கிறது. உயிர்வளி குறைந்த காற்றில் வாழ்ந்தால் உடல் தானாகவே சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும் என்பதால் பல அணிகள் அங்கே முகாமிடுகின்றன. இரத்தத்தில் ஏற்படும் மாற்றத்துக்கு உயரத்தையே காரணமாகக் காட்ட முடியும் என்பதால், மருந்து எடுப்பவருக்கும் அது வசதியான மறைவிடம் ஆகலாம். 2014 மே மாதத்தில் அங்கிருந்து புரூம் ஒரு டுவிட்டர் பதிவிட்டார். டூர் பட்டத்துக்குப் போட்டியிடும் முக்கிய வீரர் மூவர் (அவர், கொண்டாடோர், வின்சென்சோ நிபாலி) அதே மலையில் தங்கியிருந்தும், இரண்டு வாரங்களாகச் சோதனை அலுவலர் ஒருவர்கூட வரவில்லை என்பதும், அது மிகவும் ஏமாற்றமளிக்கிறது என்பதும் அதன் சாரம். மூவரும் தாங்கள் தங்கும் முகவரியைத் தளத்தில் பதிந்தாக வேண்டியவர்கள். அவ்வாண்டு டூர் டி பிரான்சை நிபாலி வென்றார். மற்ற இருவரும் கீழே விழுந்து காயமடைந்து பாதியில் விலகினர்.

மிதிவண்டிப் பந்தயத்தின் சோதனைப் பணியை 2008 முதல் பன்னாட்டு ஒன்றியத்தின் சார்பில் தனி அறக்கட்டளை ஒன்று கவனித்துவந்தது. 2021 ஜனவரி முதல் அப்பணி, ஒன்றியத்துக்கு வெளியே இயங்கும் பன்னாட்டுச் சோதனை முகமையிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.